படம் பிடித்தவர்கள் – 9: பனங்கட்டிக் குட்டானை நகர்த்தலாமா?

வேலணையில் ஒரு வீட்டுத் திண்ணை. விரித்த வெள்ளைத் துணியில் ஏழு பனங்கட்டிக் குட்டான்கள். இதுவரை சந்தையில் விற்றதை இனிப் பெட்டி போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். பெட்டிக்குப் படம் வேண்டும். வீட்டுக்காரப் பையன் ஒரு ரெஜிபோம் துண்டைப் பிடித்து, காலை வெயிலை நிழல் விழுந்த பக்கத்துக்குத் திருப்பிக்கொண்டு நின்றான். கமராவோடு குந்தியிருந்தவர் முன்பு பத்திரிகைக்குப் படம் எடுத்தவர். ஓரத்துக் குட்டானின் ஓலை முடிச்சு முன்னுக்குத் தெரியட்டும் என்று கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

"அண்ணை, கிடக்கிறதைக் கிடக்கிறபடி எடுக்கவேணும் எண்டு இருபது வருசம் பழகின கை. இப்ப காசு வாங்கிக்கொண்டு எடுக்கேக்கையும் ஒண்டை அசைக்க யோசிக்குது" என்றார்.

அந்தக் கையைப் பார்த்த அன்றே, அடுத்த வாரம் இந்தத் தொடரில் கிஷோர் பரேக் என்று முடிவு செய்துவிட்டேன்.

பரேக் 1930 இல் குஜராத்தின் பாவ்நகரில் பிறந்தவர். அமெரிக்காவில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, 1961 இல் டில்லி 'ஹிந்துஸ்தான் ரைம்ஸ்' பத்திரிகையின் தலைமைப் படப்பிடிப்பாளர் ஆனார். 1962 சீனப் போர், 1965 பாகிஸ்தான் போர், 1966 இல் பிரதமர் சாஸ்திரி கடைசியாகப் போன தாஷ்கண்ட், பீகார்ப் பஞ்சம் எல்லாம் அங்கே இருந்த ஆறு வருடத்துக்குள். பிறகு ஹொங்கொங்கில் 'ஏசியா மகசீன்'. 1971 டிசம்பரில் எந்தப் பத்திரிகையும் அனுப்பாமல், தானாகவே வங்கதேசப் போரைப் படம் எடுக்கப் போனார். இரண்டு வாரம் நின்று எடுத்தவற்றில் 67 படங்கள் புத்தகமாக வந்தன.

அதற்குப் பிறகு அவர் பம்பாயில் விளம்பரப் படங்களும் வியாபாரப் படங்களும் எடுத்தார். 1982 இல் இமயமலைப் பயணத்தில் மாரடைப்பால் இறந்தார், வயது 52.

இப்படிச் செய்தியை விட்டு விளம்பரத்துக்குப் போகிறவரைக் கீழே இறங்கிவிட்டார் என்று சொல்வது நம்மவர் வழக்கம். போர்க்களம் கண்டவர் சவர்க்காரத்துக்குப் படம் எடுப்பதா என்று கேட்பார்கள். நான் இதை ஒருபோதும் ஒத்துக்கொள்ளமாட்டேன். படப்பிடிப்பாளர் மார்கரெட் போர்க்-வைட் எதிர்த் திசையிலிருந்து வந்தவர். 1920களின் கடைசியில் கிளீவ்லாந்து உருக்காலைக்குள் மக்னீசியத் தீப்பந்த வெளிச்சத்தில் இரும்புக் குழம்பைப் படம் எடுத்துத்தான் அவர் பெயர் வாங்கினார். 1936 இல் 'லைஃப்' சஞ்சிகையின் முதல் அட்டைக்கு அணைக்கட்டைப் படம் எடுத்தவரும் அவர். 1946 இல் காந்தியை இராட்டையோடு எடுத்தவரும் அவரே. ஆலையில் ஒளியை அளக்கப் பழகிய கண் காந்தியின் அறையிலும் உதவியது. செய்தியில் பழகிய கண் மட்டும் கடைப் பொருளின் முன்னால் மழுங்கிவிடுமா?

எங்கள் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. இங்கே செய்தி சேகரிப்பதற்கு உயிரே விலையாக இருந்தது. 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படியொரு காலத்தைக் கடந்து வந்தவர் கலியாண வீடு, சாமத்திய வீடு, நயினாதீவுத் திருவிழா என்று போய்ப் பிள்ளைகளைப் படிப்பித்தால், அதில் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

எனக்குக் கவலை தந்தது வேறொன்று. வேலணையில் குட்டான்களைப் படம் எடுத்து முடிந்ததும் அந்தப் படப்பிடிப்பாளர் ஒரு பழைய பிஸ்கற் ரின்னைக் கொண்டுவந்தார். திறந்ததும் புளித்த வாடை. பிலிம் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. உப்புக் காற்றும் மாரி ஈரமும் சேர்ந்து, விளிம்புகளில் சிலந்தி வலை போலப் பூஞ்சணம். ஒட்டாத ஒரு துண்டை வெயிலுக்குப் பிடித்தார். குறிகட்டுவான் இறங்குதுறை, மூட்டைகளோடு வரிசையில் நிற்கும் சனம், முன்னால் ஒரு அம்மா கோழியொன்றைச் சீலைக்குள் அணைத்துப் பிடித்திருக்கிறா. நெகடிவ்வில் அவவின் முகம் கறுப்பாகவும் தலைமயிர் வெள்ளையாகவும் தெரிந்தன. எந்த வருடம் என்று கேட்டேன். தொண்ணூறுகள் என்பதற்கு மேல் அவருக்கு நினைவில்லை.

பத்திரிகையில் அன்று அச்சானது ஒரு படம்தான். அச்சாகாத மற்றவை இந்த ரின்னுக்குள். குமுதினிப் படகில் 1985 மே 15 அன்று கொல்லப்பட்டவர்களுக்காக நெடுந்தீவில் ஆண்டுதோறும் விளக்கேற்றுகிறோம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அந்தக் கடலைக் கடந்து போய்வந்த சனம் எப்படி நின்றது, எதைத் தூக்கிக்கொண்டு ஓடியது என்பதற்குச் சாட்சி இப்படியான ரின்களில்தான் இருக்கிறது.

தீவகத்தில், அல்லது தீவகத்திலிருந்து போய்க் கனடாவிலோ பாரிஸிலோ இருக்கும் வீட்டில், இப்படி ஒரு ரின் இருந்தால் ஒட்டிய பிலிமைக் காய்ந்தபடி இழுத்துப் பிரிக்கவேண்டாம். 2005 முதல் எங்கள் ஆவணங்களை இலத்திரனியல் வடிவாக்கிவரும் நூலகம் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். எடுத்தவர் உயிரோடு இருந்தால் இந்தக் கிழமையே பக்கத்தில் இருந்து, எந்த இடம், எந்த வருடம், படத்தில் யார் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

(தொடரும்)