கடலடியில் உலோகம் தேடும் கருவி

கோவாக் கரைக்கு அப்பால் சுஞ்சி என்னும் பாறைத்திட்டு ஒன்று உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்ச்சுகீசியக் கப்பலொன்று அவ்விடத்தில் உடைந்து மூழ்கியது. 1990களின் பிற்பகுதியில் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் அங்கு மூழ்கி ஆராய்ந்தபொழுது இரும்புப் பீரங்கிகளும், யானைத் தந்தங்களும், நீர்யானைப் பற்களும், சீனத்துப் பீங்கான் உடைசல்களும் கிடைத்தன. பீரங்கி போன்ற பெரிய பொருள் கண்ணுக்குப் புலப்படும். ஆணி, நாணயம், ஈயக்குண்டு போன்றவை மணலுக்குள் ஒரு சாண் ஆழத்தில் புதைந்து கிடப்பின், கலங்கிய நீரில் துழாவும் கைக்கு அவை எளிதில் அகப்படா. இத்தகைய இடங்களில் உதவுவது, பொதுவாக மெட்டல் டிடெக்டர் என்று சொல்லப்படும் உலோகங்காட்டும் கருவியாகும்.

நீருக்கென்றே செய்யப்பட்ட கருவிகள் விலை மிகுந்தவை. ஆதலின், தரைக்கருவி ஒன்றைப் பிரித்து, நீர்புகா உறைக்குள் அமைத்துக்கொண்டால் என்ன என்று களப்பணியாளர் எண்ணுவது இயல்பே. இது செய்யக்கூடிய வேலைதான். ஆனால் உறையைக் குறையின்றிச் செய்து முடித்த பின்னும், கடலில் இறக்கியவுடன் ஒன்றுமில்லாத மணலின்மீதும் கருவி ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கக் கூடும். நீரை வெளியே நிறுத்துவது பாதி வேலையே. மறுபாதி, கடல்நீரும் ஒரு மின்கடத்தி என்பதை நினைவிற்கொண்டு கருவியைத் தேர்ந்தெடுப்பதாகும்.

கருவியின் சுருளில் நொடிக்குச் சில ஆயிரம் முறை திசைமாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் எழும் காந்தப் புலம் அருகிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களைத் தோற்றுவிக்க, அவை எழுப்பும் எதிர்ப்புலத்தைக் கருவி உணர்ந்து ஒலியாக்குகிறது. 1881ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் தங்கிய துப்பாக்கிக் குண்டைத் தேட, அலெக்சாண்டர் கிரகாம் பெல் இவ்வகைக் கருவியொன்றைக் கொண்டுசென்றார். குண்டு அகப்படவில்லை. நோயாளியின் படுக்கையில் எஃகுக் கம்பிகள் இருந்த செய்தி பெல்லுக்குப் பின்னரே தெரியவந்தது. கடலில் மூழ்குபவரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. அவரைச் சுற்றிலும் படுக்கைக் கம்பி போல உப்புநீர் நிறைந்திருக்கிறது. கடல்நீர் செம்பைவிட ஒரு கோடி மடங்குக்கு மேல் தாழ்ந்த கடத்திதான். ஆயினும் நாணயம் ஒரு விரற்கடை அகலமே. நீரோ சுருளின் எல்லாப் பக்கங்களிலும் பரந்து கிடக்கிறது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். பிளாஸ்டிக் வாளியில் பத்து லிட்டர் நன்னீரை நிரப்பி, உணர்வு மிகுதியாக வைத்த தொடரலைக் கருவியின் சுருளை அதன்மேல் அசைத்தால் அது பெரும்பாலும் வாளாவிருக்கும். பின்னர் 350 கிராம் உப்பைக் கரைத்தால் நீர் கடலின் உப்பளவை எட்டும். கருவியும் பேசத் தொடங்கும். ஆறு, ஏரிகளில் மட்டும் வேலை செய்பவர்களுக்கு இத்தொல்லை மிகக் குறைவு.

உப்புநீருக்கு ஏற்றது துடிப்பு முறைக் கருவி. இது சுருளில் வலிய மின்னோட்டத்தைச் சிறிது நேரம் செலுத்தி, சட்டென்று நிறுத்துகிறது. நிறுத்தியதும் நீரில் எழுந்த சுழல் மின்னோட்டம் சில மைக்ரோ நொடிகளில் அடங்கிவிடும். உலோகத்தில் எழுந்ததோ சற்று நீடிக்கும். பத்துப் பதினைந்து மைக்ரோ நொடிகள் காத்திருந்து, அதன் பின்னரே கருவி செவிசாய்க்கிறது. குறையும் உண்டு: இரும்பாணிக்கும் வெள்ளி நாணயத்திற்கும் இது பெரிதும் வேறுபாடு காட்டுவதில்லை. காத்திருக்கும் நேரத்தை மிகைப்படுத்தினால் மெல்லிய பொன்னணிகள் தப்பிவிடும். ஆயினும் இரத்தினகிரி, சவறை போன்ற கருமணற் கரைகளிலும் இம்முறையே தொல்லை குறைந்தது. எனவே பிரித்து மாற்றுவதற்குப் பழைய கருவி தேடுவோர் முதலில் முறையைக் கேட்டறிந்து, பின்னர் விலையைக் கேட்பது நன்று.

இனிப் பிரிக்கும் வேலை. ஒவ்வொரு கம்பிக்கும் அடையாளமிட்டுச் சுற்றுப்பலகையை வெளியே எடுத்துக்கொண்டால், பழைய பெட்டியும் ஒலிபெருக்கியும் தேவைப்படா. சுருளுக்குச் செல்லும் கம்பியின் நீளத்தை மனம்போல் மாற்றலாகாது. அக்கம்பியின் மின்தேக்குத்திறனையும் கணக்கிட்டே சுற்று அமைக்கப்பட்டிருக்கிறது.

உறைக்குத் தடித்த அக்ரிலிக் குழாயோ பி.வி.சி. குழாயோ போதும். நீரில் ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்திற்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் கூடுகிறது. பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின்மீது அவ்வாழத்தில் அழுத்தும் விசை 78 கிலோ; வளர்ந்த ஒருவர் அதன்மேல் ஏறி நிற்பதற்கு ஒப்பாகும். விந்தை என்னவெனில், நீர் பெரும்பாலும் புகுவது ஆழத்தில் அன்று, முதல் ஒரு மீட்டரில்தான். ஆழத்தில் நீரே மூடியை ரப்பர் வளையத்தின்மேல் இறுக்கிவிடும். மேற்பரப்பில் அவ்வுதவி கிட்டாது. வளையத்தின் பள்ளத்தில் ஒரு தலைமயிரோ மணற்பரலோ கிடந்தாலும் போதும், கருவி பாழாகிவிடும்.

துளைகள் எத்துணைக் குறைகின்றனவோ அத்துணை நன்று. திருகுகளை முன்கூட்டியே தக்க அளவில் நிறுத்தி உள்ளேயே வைத்துவிடலாம். இயக்குவதற்கும் நிறுத்துவதற்கும் வெளியிலிருந்து காந்தத்தால் இயங்கும் சிறு சுவிட்சு ஏற்றது; அது சுருளுக்கு அருகில் இருத்தல் ஆகாது. கம்பி நுழையும் துளையில் ஒரு சூழ்ச்சி ஒளிந்திருக்கிறது. கம்பியின் வெளியுறை எங்கேனும் கீறிவிட்டால், நீர் உள்ளிருக்கும் நுண்ணிழைகளின் இடைவெளி வழியே திரியில் ஏறும் எண்ணெய் போலப் பெட்டிக்குள் வந்துவிடும். துளையைச் சுற்றி எவ்வளவு பூசினாலும் இது நிற்பதில்லை. உறையை உரித்து, இழைகளைப் பற்றாசால் ஒன்றாக்கி, அவ்விடத்தை எபாக்சிப் பிசினில் புதைப்பதே மாற்று.

சுருளின் கூடு உள்ளீடற்றதாயின் அதையும் எபாக்சியால் நிரப்புதல் வேண்டும். பிசின் இறுகும்பொழுது சூடேறுமாதலால் மெல்லிய அடுக்குகளாக ஊற்றுவது நலம். இரட்டைச் சுருளுடைய கருவியில் இரண்டும் இம்மியளவு நகர்ந்தாலும் சமநிலை குலையும். துடிப்பு முறையில் பெரும்பாலும் ஒற்றைச் சுருளே இருப்பதால் அவ்வச்சம் இல்லை. காற்றடைத்த கருவி நீரில் மிதக்க முயலும். இரண்டு லிட்டர் நீரை விலக்கும் கருவி ஒரு கிலோ எடையே உடையதாயின், முக்குளிப்பவர் எந்நேரமும் ஒரு கிலோ விசையோடு போராடிக் களைத்துப்போவார். சுருளின் அருகே ஈயத்தைக் கட்டலாகாது. கருவி அதையே கண்டுபிடித்துக்கொண்டிருக்கும். கழுவி உலர்த்திய, காந்தத்தில் ஒட்டாத மணலைப் பிசினோடு கலந்து ஊற்றுவது எளிய வழி.

ஒலியைக் கேட்பதற்குப் படிகத் தகடு ஒன்றைப் பிசினில் மூடி, காதின் பின்னுள்ள எலும்பின்மேல் அழுந்துமாறு முகமூடியின் பட்டையில் செருகலாம். ஓசை எலும்பின் வழியே தெளிவாகச் செவியைச் சேரும். மின்கலங்களைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை: அவற்றிலிருந்து ஐதரசன் வாயு கசியக்கூடும். மூடிய உறைக்குள் அது சேருவது ஆபத்து. ஆகையால் மின்னேற்றுவதை மூடியைத் திறந்து, கலங்களை வெளியே எடுத்தே செய்தல் வேண்டும்.

முதற் சோதனையில் சுற்றுப்பலகையை உள்ளே வைத்தல் கூடாது. வெற்று உறைக்குள் கல்லையும் மை ஒற்றும் தாளையும் இட்டு, கயிற்றில் கட்டி, கிணற்றில் ஒரு மணி நேரம் இறக்கிப் பார்க்கவேண்டும். கசிவு இருந்தால் தாள் காட்டிக்கொடுக்கும்.

கடலில் கருவி ஒலித்தவுடன் தோண்டுவது தவறு. தந்தமும் பீங்கானும் கருவிக்குப் புலப்படா. நாணயத்தை அவசரமாகப் பறித்தால், அதனருகே பேசாமல் கிடந்தவை சிதறும். எண்ணிட்ட முளையை அடித்து, இடத்தைக் குறித்துக்கொண்டு மேலேறுவதே முறை. பாதுகாக்கப்பட்ட இடங்களில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படித் தொல்லியல் துறையின் இசைவும் வேண்டும்.

கரையேறியபின் உறையைத் திறக்காமலே நன்னீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, துடைத்து, மூடி கீழ்நோக்கி இருக்கத் திறத்தல் வேண்டும். இடுக்கில் தங்கிய கடைசித் துளி உள்ளே விழாமல் தரையில் விழும்.