மொபெட் வண்டியின் கார்புரேட்டரும் ஏரிக்கரை ஈரமும்

பழவேற்காட்டுக் குப்பங்களினின்று பொன்னேரிக்கு மீன்கூடை சுமந்து செல்வதற்கும், உள்நாட்டுக் கிராமங்களில் விதையும் உரமும் கொண்டு செல்வதற்கும் மொபெட் வண்டி பெரிதும் உதவுகின்றது. 1980-ல் வெளிவந்த டி.வி.எஸ். 50 இவ்வகையில் பேர்பெற்றது. நடுவழியில் வண்டி நின்றுவிடின் மீன் கெடும். அப்பொழுது பதற்றத்தில் கார்புரேட்டரைக் கழற்றுவது தகாது.

முதலில் பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். அதிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டிருப்பின் சிறிது தூரம் ஓடியதும் பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். மூடியைத் திறந்த சற்று நேரத்தில் இயந்திரம் கிளம்பினால் குறை அங்கேயே உள்ளது. அடுத்துப் பிளக்கைக் கழற்றி நோக்குக. நனைந்திருந்தால், சோக் போட்டபடியே கிடக்கிறதா, மிதவையின் ஊசி சரியாக அமர்கிறதா என்று பார்க்கவும். உலர்ந்திருந்தால் ஜெட் அடைபட்டிருக்கலாம். ஜெட் பித்தளையாலாயது, இரும்புக் கம்பியால் குத்தித் துவாரத்தைப் பெரிதாக்கியவர்கள் பின்னர் பெட்ரோலுக்கு வீண்பணம் கொடுக்க நேரும். பெட்ரோலில் அலசிச் சைக்கிள் பம்பினால் ஊதினால் போதும். அருகில் பீடி நெருப்பு கூடாது.

இந்நாளில் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மையது. நீர் அளவுக்கு மிஞ்சினால் எத்தனாலோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கி, கார்புரேட்டர்க் கிண்ணத்தை அரிக்கும். அங்கே காணும் வெண்பொடி அவ்வரிப்பே. ஆகவே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள மீன்பிடித் தடைக்காலத்திலோ அடைமழையிலோ வண்டியை நிறுத்தி வைப்போர், பெட்ரோல் குழாயை அடைத்துக் கிண்ணத்திலுள்ளதை வடித்துவிட வேண்டும். 2020-க்குப் பின் வந்த புதிய வண்டிகளில் கார்புரேட்டர் இல்லாமையால் அவற்றுக்கு இம்முறை பொருந்தாது.