ஸ்டீராய்டு இல்லாமல் ஒரு புதுக் கல்லீரல்

1967 ஜூலையில் அமெரிக்காவின் டென்வர் நகரில், ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றுக்குத் தாமஸ் ஸ்டார்ஸ்ல் கல்லீரலை மாற்றிப் பொருத்தினார். 1963 முதல் அவர் செய்த முயற்சிகளில் நோயாளிகள் சில நாட்களிலோ வாரங்களிலோ இறந்துபோயிருந்தனர். இந்தக் குழந்தை ஓராண்டைத் தாண்டி வாழ்ந்தது. கல்லீரல் மாற்று சிகிச்சையின் முதல் வெற்றி என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் எந்தப் புற்றுநோய்க்காகக் கல்லீரலை மாற்றினார்களோ, அதுவே திரும்ப வந்து குழந்தையின் உயிரைப் பறித்தது.

அன்று எழுந்த சிக்கல் இன்றும் முழுதாகத் தீரவில்லை. கல்லீரலை முழுவதும் எடுத்துவிட்டால் கட்டியும் போகிறது, கட்டி முளைத்த சுருங்கிய ஈரலும் போகிறது. அதற்கு முன்பே ரத்தத்தில் கலந்துவிட்ட புற்றணுக்கள் சில மட்டும் எங்கோ பதுங்கியிருக்கலாம். அவற்றைத் தேடி அழிக்க வேண்டியது உடலின் எதிர்ப்பாற்றல். அதே எதிர்ப்பாற்றல்தான் புதுக் கல்லீரலையும் அந்நியன் என்று தாக்குகிறது. உறுப்பைக் காக்க அதை அடக்கினால், பதுங்கியவை தலைதூக்க வழி பிறக்கிறது. 1996இல் இத்தாலியின் மத்சஃபெர்ரோ குழு, யாருக்குக் கல்லீரலை மாற்றலாம் என்று வகுத்த மிலான் விதி இந்த ஆபத்தைப் பெரிதும் குறைத்தது. ஒரே கட்டியானால் 5 சென்டிமீட்டருக்குள், மூன்று வரை இருந்தால் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள், ரத்தக்குழாயில் பரவாமலும் இருக்க வேண்டும். அப்படித் தேர்ந்தெடுத்தவர்களில் 75 சதவீதம் பேர் நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடு இருந்தார்கள்.

ஆளைத் தேர்ந்தெடுத்தாயிற்று; அடுத்த கேள்வி மருந்து. ஸ்டார்ஸ்ல் காலம் தொட்டு எல்லா மருந்துக் கூட்டிலும் ஸ்டீராய்டு இருந்தது. அது உயிரணுவின் கருவுக்குள் போய், அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை மொத்தமாக வாய்மூட வைக்கும். இவர் அவர் என்று பார்க்காத அடக்குமுறை அது. சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் கூடும், எலும்பு தேயும், தொற்று எளிதில் பற்றும். ஆசிய நாடுகளில் கல்லீரல் புற்றுக்குப் பெரும் காரணமான ஹெபடைடிஸ் பி வைரஸ் விஷயத்தில் இன்னொரு வம்பும் உண்டு. ஸ்டீராய்டின் ஏற்பி வந்து ஒட்டிக்கொள்ள அந்த வைரஸின் மரபணுவிலேயே இடம் இருக்கிறது. மருந்து கூடினால் வைரஸும் பெருகும். இன்று அதற்கு எதிரான மருந்துகள் இருப்பதால் பயம் குறைவு.

ஸ்டீராய்டை விடலாம் என்ற துணிச்சலைத் தந்தவை இரண்டு. ஒன்று கல்லீரலின் குணம். 1969இல் கேம்பிரிட்ஜின் ராய் கால்ன், மாற்றுக் கல்லீரலைச் சில பன்றிகள் எந்த மருந்தும் இல்லாமலே ஏற்றுக்கொண்டதைக் காட்டினார். மற்ற உறுப்புகளைப் போல் அது அவ்வளவு எளிதில் நிராகரிக்கப்படுவதில்லை. மற்றொன்று குறிபார்த்து அடிக்கும் மருந்துகள். ஜப்பானின் சுகுபா மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து 1984இல் கண்டெடுத்த டாக்ரோலிமஸ், எதிர்ப்பாற்றலின் டி அணுக்கள் கிளர்ந்தெழுவதைத் தடுக்கிறது. அறுவை சிகிச்சை நாளில் ஒன்று, நான்காம் நாள் ஒன்று என இரண்டே தவணையில் போடும் பேசிலிக்சிமேப் ஊசி, அந்த அணுக்கள் பெருகுவதற்கான சமிக்ஞையை மறிக்கிறது. கூடவே மைகோபீனோலேட் மாத்திரை. பல இடங்களில் அறுவை மேசையில் ஒரே ஒரு டோஸ் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டு, பிறகு அதைத் தொடுவதில்லை.

இதனால் புற்று திரும்புவது குறையுமா? ஆசையோடு கேட்கப்படும் கேள்வி. உறுதியாக ஆம் என்று சொல்லும் அளவுக்குச் சான்று சேரவில்லை. ஒப்பீட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் குறைகின்றன, நிராகரிப்பு சற்றுக் கூடுகிறது, இறப்பு விகிதத்தில் பெரிய வித்தியாசமில்லை. நிராகரிப்பு வந்தால் அதற்கு மருந்தோ, அதிக அளவில் ஊசி வழி ஏற்றும் அதே ஸ்டீராய்டுதான்!

என் கணிப்பில், கவனிக்க வேண்டிய இடம் டாக்ரோலிமஸின் அளவு. முதல் மாதத்தில் அது ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமைத் தாண்டியவர்களுக்குப் புற்று அதிகம் திரும்பியதாக 2013இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று காட்டியது. ஸ்டீராய்டை நிறுத்திவிட்டு, அந்த இடத்தை நிரப்ப டாக்ரோலிமஸை ஏற்றினால் லாபம் ஒன்றுமில்லை. (கிரேப்ஃப்ரூட் சாறு குடித்தாலே இந்த அளவு ஏறிவிடும் என்பதால்தான் அதைத் தொடக்கூடாது என்கிறார்கள்.)

இன்னொரு மருந்தும் உண்டு. ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து வந்த சிரோலிமஸ், எதிர்ப்பாற்றலை அடக்கும்போதே கட்டியின் வளர்ச்சியையும் தடுக்கும் தன்மையுள்ளது. காயம் ஆறுவதைத் தாமதிப்பதால் சில வாரம் கழித்தே தொடங்குவார்கள். அதிலும், 2016இல் வெளியான பெரிய ஆய்வின்படி தொடக்கத்து மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தெரிந்த நன்மை அதற்கப்பால் நீடிக்கவில்லை.

ஸ்டீராய்டை விடுவது எல்லோருக்கும் பொருந்தாது. தன்னெதிர்ப்பு நோயால் கல்லீரல் கெட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஸ்டீராய்டு தொடரவே வேண்டியிருக்கும். நெடுநாள் அதை எடுத்தவர்களுக்கு அட்ரினல் சுரப்பி தன் வேலையை ஏறக்குறைய நிறுத்தியிருக்கும்; அது மீண்டும் சுரக்க நாளாகும். ஆகவே நோயாளி தாமாகச் சட்டென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மருத்துவரே படிப்படியாகக் குறைப்பார்.