நிகழ்வும் நிரலும்

கணினிக்கு நிரல் எழுதுவோர் அதனை ஓர் ஏவலாளாகக் கருதிப் பழகியுள்ளனர். 'இதனைச் செய், பின்னர் அதனைச் செய்' எனக் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவதே நிரல் என்பது அவர்தம் எண்ணம். சம்பளக் கணக்கிற்கும் தேர்வுப் புள்ளிப் பட்டியலுக்கும் இம்முறை போதும். எப்பொழுது வரும் என முன்னரே அறியவியலாத செய்திகளுக்கு உடனுக்குடன் மறுமொழி தரவேண்டிய இடத்திலோ இம்முறை இடர்ப்படுகின்றது. அவ்விடத்திற்கென வளர்ந்ததே 'ரியாக்டிவ் புரோகிராமிங்' என வழங்கும் எதிர்வினை நிரலாக்கம்.

இதன் தேவையை உணர ஜொகூர் மாநிலத்தினர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் ஆறு பெருகி, கோத்தா திங்கி நகரம் இருமுறை வெள்ளத்தில் மூழ்கியது. மாநிலமெங்கும் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. 2023 மார்ச்சில் சிகாமாட், பத்து பகாட் வட்டாரங்களும் அத்துன்பத்தைக் கண்டன. மலேசிய வடிகால் நீர்ப்பாசனத் துறை ஆறுகளில் அளவைக் கருவிகளை நிறுவி, நீர்மட்டத்தை இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு நிலைகளாகப் பகுத்து மக்களுக்கு அறிவிக்கின்றது.

அத்தகைய அறிவிப்பு நிரல் ஒன்றை மாணவன் ஒருவன் பயிற்சிக்காக எழுதப் புகுகின்றான் என்று கொள்வோம். அவனுக்கு இரு வழிகள் உள. மணிக்கொருமுறை காவலாளி சென்று அளவுகோலைப் பார்த்து வருவதுபோல, நிரலே கருவியிடம் அடிக்கடி சென்று வினவுதல் ஒன்று. நீர்மட்டம் மாறியவுடன் கருவியே செய்தி விடுக்க, நிரல் அதனை ஏற்றுச் செயற்படுதல் மற்றொன்று. முன்னதில் பயனற்ற வினவல்கள் பல. இரு வினவல்களுக்கு இடையே ஆறு பெருகிவிடுதலும் கூடும். பின்னதே நிகழ்வுவழிச் செயற்பாடு.

இம்முறையின் உட்கருத்தைத் தமிழாசிரியர் எளிதில் உணர்வர். 'அவன் வந்தான்' என்னும் தொடரில் எழுவாயை 'அவள்' என மாற்றினால், பயனிலை 'வந்தாள்' என மாறியே தீரவேண்டும். இவ்வியைபை ஆசிரியர் ஒருமுறை விதியாகக் கற்பிக்கின்றாரேயன்றி, ஒவ்வொரு தொடருக்கும் தனித்தனி ஆணை இடுவதில்லை. எதிர்வினை நிரலாக்கமும் அத்தகையதே. 'நிலை என்பது நீர்மட்டத்தைச் சார்ந்தது. அறிவிப்பு என்பது நிலையைச் சார்ந்தது' எனச் சார்புகளை ஒருமுறை வகுத்துவிட்டால், நீர்மட்டம் மாறுந்தோறும் ஏனையவை தாமே மாறும்.

இக்கருத்து கணக்கு விரிதாள்களில் முன்னரே உண்டு. 1979-இல் வெளிவந்த விசிகால்க், ஒரு கட்டத்தின் எண் மாறியதும் பிற கட்டங்களை மீண்டும் கணக்கிட்டது. 1997-இல் கோனல் எலியட், பால் ஹூடாக் ஆகிய இருவரும் காலந்தோறும் மாறும் மதிப்புகளை நிரலில் நேரே எழுதும் முறையை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். பின்னர், மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் எரிக் மெய்யர் குழுவினர், நிகழ்வுகளின் தொடர்ச்சியை ஓர் ஓடையாகக் கொண்டு, அதனை வடித்தல், மாற்றுதல், பிற ஓடையோடு சேர்த்தல் முதலிய செயல்களுக்குரிய நிரல் தொகுப்பை உருவாக்கினர்.

இனி, கற்போர் கருத்திற்கொள்ள வேண்டிய இடர்கள் மூன்று. முதலாவது, பால்வழுவை ஒத்தது. அறிவிப்பு என்பது நீர்மட்டம், நிலை ஆகிய இரண்டையும் சார்ந்திருப்பதாகக் கொள்க. அபாய அளவு 3 மீட்டர் எனின், நீர்மட்டம் 3.1 மீட்டராக மாறிய அக்கணத்தில், நிலை இன்னும் கணக்கிடப்படாதிருக்க, அறிவிப்பு முந்திக்கொண்டால், '3.1 மீட்டர், எச்சரிக்கை' என்னும் முரண்பட்ட செய்தி பிறக்கும். அது 'அவள் வந்தான்' என்பதைப் போன்றது. திரையில் தோன்றிய பிழை மறுகணமே திருந்தும். மக்கள் கைப்பேசிக்குச் சென்றுவிட்ட குறுஞ்செய்தி திரும்பாது. ஆதலின், சார்ந்தவை யாவும் புதுப்பிக்கப்பட்ட பின்னரே முடிவு வெளிப்படுமாறு வரிசை அமைத்தல் வேண்டும்.

இரண்டாவது, மிகுதியால் வரும் இடர். பெருமழைக் காலத்தில் கருவிகள் பலவும் ஒருங்கே செய்தி விடுத்தால், ஏற்கும் நிரல் திணறும். ஏற்பவர் தம்மால் இயன்ற அளவை முன்னரே அறிவிக்க, விடுப்பவர் அவ்வளவே அனுப்பும் நெறி 2015-இல் 'ரியாக்டிவ் ஸ்ட்ரீம்ஸ்' என்னும் பொதுவிதியாக வகுக்கப்பட்டது. 2017-இல் ஜாவா மொழியின் 9-ஆம் பதிப்பிலும் அந்நெறிக்குரிய அமைப்பு இடம்பெற்றது.

மூன்றாவதே மிகக் கொடியது, அது மௌனம். வெள்ளத்தால் கருவி பழுதுறலாம், தொலைத்தொடர்பு அறுந்துபோகலாம். நிகழ்வு வந்தால் மட்டும் விழிக்கும் நிரல், நிகழ்வு வாராவிடத்து உறங்கிக்கொண்டிருக்கும். திரையில் இறுதியாக வந்த 'விழிப்பு' என்னும் சொல்லே நிற்க, ஆறு அபாய அளவைக் கடந்திருக்கும். செய்தி இல்லாமை நற்செய்தி ஆகாது. குறித்த காலத்துள் செய்தி வாராமையையும் ஒரு நிகழ்வாகவே கொண்டு, 'இக்கருவி பேசவில்லை' என அறிவித்தலே முறை. ஓடைகளைக் கையாளும் நிரல் தொகுப்புகள் பலவற்றில் இதற்கெனக் காலவரைச் செயல் உண்டு. அதனை மறவாது பயன்படுத்துதல் நிரல் எழுதுவோர் கடமை.

இக்கலையைப் பயில விரும்புவோர் முதலில் விரிதாளில் சார்புகளை அமைத்துப் பழகலாம். அடுத்து, ஒரே ஓர் ஓடையை வடித்தலும் மாற்றுதலும். பின்னர், இரண்டு ஓடைகளைச் சேர்த்தல். இறுதியில், பிழையும் மௌனமும் நேர்ந்தவிடத்துச் செய்வன. இவ்வரிசையே நலம் பயக்கும். எல்லா நிரலுக்கும் இம்முறை வேண்டுவதன்று. ஓடைகள் பலவாகப் பின்னும்போது பிழையின் மூலத்தைத் தேடுதல் அரிதாகும். எளிய கணக்கிற்கு எளிய நிரலே சாலும்.

வருவது வரும்போது செய்தல் இம்முறையின் ஒரு பாதி. வரவேண்டியது வாராதபோது ஐயுற்று எழுதல் மறுபாதி. ஆற்றங்கரையில் உறங்குவோரின் உயிர் பெரும்பாலும் அம்மறுபாதியைச் சார்ந்தே இருக்கின்றது.