பழைய ஜீப்புக்குப் புது கார்பெட்... முதலில் அடித்தகட்டைப் பாருங்கள்!

உர மூட்டையும் ஆட்களும் ஏற்றிப்போகும் பழைய மஹிந்திரா ஜீப்பில் கார்பெட் கிழிந்தால், பலரும் நேராக குஷன் கடைக்குப் போய்விடுகிறார்கள். ஆனால், பெரிய செலவு கிழிசலுக்கு அடியில்தான் இருக்கிறது. சேற்றுக்காலோடு ஏறும்போது சேரும் ஈரத்தை, கார்பெட்டின் அடிமெத்தை நாள்கணக்கில் பிடித்து வைக்கும். சிந்திய பொட்டாஷும் அதில் கரைந்தால், அடித்தகடு வேகமாகத் துருப்பிடிக்கும்.

சீட்டைக் கழற்றி, பழைய கார்பெட்டை முழுதாக எடுக்க வேண்டும். புதியதை வெட்ட அதுவே அளவு. பிறகு, ஸ்க்ரூடிரைவர் முனையால் தகட்டை அழுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே இறங்கினால், முதல் செலவு டிங்கரிங் பட்டறைக்குத்தான். மேல்துரு மட்டும் என்றால், கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு ரெட் ஆக்சைடு பிரைமரும் பெயின்ட்டும் அடித்தால் போதும்.

தோட்டத்துக்குப் போகும் வண்டிக்கு மெத்தை வைத்த கார்பெட்டைவிட, கழற்றிக் கழுவக்கூடிய ரப்பர் ஷீட்டே ஏற்றது. தகட்டில் ஏற்கெனவே உள்ள துளைகளில் கிளிப் மாட்டினால் ஷீட் நகராது.

கடைசியாக, இன்ஜினை அணைத்த நிலையில் மூன்று பெடல்களையும் கடைசிவரை அழுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். ஆக்ஸிலரேட்டர் ஷீட்டில் சிக்கினால், இறக்கத்தில் உயிருக்கே ஆபத்து. உரசும் இடத்தைத் தாராளமாக வெட்டிவிட வேண்டும்; அழகு குறைந்தாலும் பரவாயில்லை.