வைஃபை இருக்கு, நெட் இல்லை... லேப்டாப்பில் வைரஸா?

வைஃபை சிக்னல் முழுசாகக் காட்டுகிறது. அதே இணைப்பில் போனில் யூடியூப் ஓடுகிறது. லேப்டாப்பில் மட்டும் எந்தத் தளமும் திறக்கவில்லை. கேட்காத விளம்பரங்களும் முளைத்திருந்தால், நெட் கம்பெனியோடு சண்டை போடுவதைத் தள்ளிவையுங்கள்.

முதலில் பிராக்ஸி செட்டிங்கைப் பாருங்கள். சில வைரஸ்கள் அங்கே 127.0.0.1 என்று லேப்டாப்பின் சொந்த முகவரியையே எழுதி, போகிற வருகிற எல்லாவற்றையும் தங்கள் வழியாகத் திருப்பிவிடும். ஆன்டிவைரஸ் வைரஸை அழிக்கும். அந்த செட்டிங்கை எப்போதும் சரிசெய்யும் என்று சொல்ல முடியாது. ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல பிரௌசர் அங்கேயே நிற்கும். 'வைரஸை எடுத்த பிறகுதான் சார் நெட் போச்சு' என்ற புலம்பலுக்குப் பல நேரம் காரணம் இதுதான். பிராக்ஸியை ஆஃப் செய்தால் போதும். ஃபார்மேட் அடிப்பதுதான் முழுப் பாதுகாப்பு என்பார்கள் சிலர். இருக்கலாம், ஆனால், அதுவும் சில சமயம் வீண்வேலை.

காரணம், ரவுட்டர். டி.என்.எஸ். சேஞ்சர் வைரஸை ஞாபகம் இருக்கிறதா? தளத்தின் பெயரைக் கொடுத்தால் முகவரி எண்ணைத் தருகிற டி.என்.எஸ். சர்வரையே மாற்றி, 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகளைப் பிடித்த கும்பலுடையது. 2011 நவம்பரில் எஸ்டோனியாவில் 6 பேர் கைதானார்கள். திருட்டு சர்வர்களைச் சட்டென்று அணைத்தால் அத்தனை பேருக்கும் நெட் போய்விடும் என்பதால், அமெரிக்க நீதிமன்ற உத்தரவுப்படி மாற்று சர்வர்கள் 2012 ஜூலை 9 வரை ஓடின. அப்படியும் கடைசி நாளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் சுத்தமாகாமல்தான் இருந்தன.

கம்பெனி வைத்த பாஸ்வேர்டோடு இருந்த ரவுட்டர்களுக்குள்ளும் அந்த வைரஸ் நுழைந்தது. என் கவலையெல்லாம் அங்கேதான். வைஃபை பாஸ்வேர்டை மாற்றுகிறோம். ரவுட்டரின் செட்டிங்கைத் திறக்கும் பாஸ்வேர்டு? இன்றும் எத்தனையோ வீடுகளில் அது 'அட்மின்'தான். லேப்டாப்பை எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும், ரவுட்டர் தப்பான டி.என்.எஸ்ஸையே கொடுத்துக்கொண்டிருக்கும். வீட்டிலுள்ள போன், டி.வி. எல்லாவற்றுக்கும் அதே கதி.

ஆகவே, ரவுட்டருக்குள் போய் டி.என்.எஸ். எண்களைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் பின்பக்கத் துளையில் குண்டூசியை அழுத்தி ரீசெட் செய்து, முதல் வேலையாக அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரீசெட்டுக்கு முன், கனெக்‌ஷன் கொடுத்தவரிடம் யூசர் நேமையும் பாஸ்வேர்டையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் போனை எடுக்க மாட்டார்!