காய்ச்சலோடு பயணத்தையும் சொல்லுங்கள்

நற்பிட்டிமுனையில் இன்றைக்கு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் முதலில் எழும் பேச்சு டெங்கு. மலேரியா என்ற பெயரை உம்மம்மாமார்தான் எடுப்பார்கள். குளோரோகுயின் குளிசையின் கசப்பும், எத்தனை போர்வை போட்டாலும் அடங்காத நடுக்கமும் அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. 2012 ஒக்டோபரோடு உள்ளூர்த் தொற்று நின்றது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் வழங்கியது. நல்ல செய்திதான். ஆனால் இந்த நாடு இதற்கு முன்பும் ஒரு தடவை வென்றுவிட்டோம் என்று நினைத்து ஏமாந்திருக்கிறது.

பதினேழு பேர்

1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். பிறகு நுளம்பைக் கொல்ல வீட்டுச் சுவர்களுக்கு டீ.டீ.ரி. அடித்து அடித்து, 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளர் என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். அதோடு கை தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடியுமுன் நோயாளர் தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.

கமினி மெண்டிஸின் ஆய்வுகள்

இப்படித் திரும்பி வந்த நோயைத்தான் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் ஒட்டுண்ணியியல் பேராசிரியர் கமினி மெண்டிஸ் தன் வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டார். உலக ஆய்வாளர்களின் கவனமெல்லாம் அப்போது உயிர் குடிக்கும் பல்சிபாரம் வகையின் மேல் இருந்தது. இலங்கையில் அதிகம் பேரைப் படுக்கவைத்ததோ வைவக்ஸ் வகை. அது சாதுவான மலேரியா என்று பாடப்புத்தகங்களே எழுதிவந்தன. குளிரில் பற்கள் அடித்துக்கொள்ளக் கிடந்த எவரும் அதைச் சாது என்று சொல்லமாட்டார்.

வைவக்ஸ் தொற்றியவரின் ரத்தத்தில் இயல்பாகவே உண்டாகும் எதிர்ப்புச் சக்தி, அந்த ரத்தத்தைக் குடித்த நுளம்பின் வயிற்றுக்குள் கிருமி பெருகுவதைத் தடுக்கக்கூடும் என்று மெண்டிஸும் ஆய்வாளர் ரிச்சட் காட்டரும் சகாக்களும் 1987இல் காட்டினார்கள். நோயாளியைக் காக்காமல் அவருடைய அயலவரைக் காக்கும் விசித்திரமான எதிர்ப்பு இது. காய்ச்சல் ஏறி இறங்கும்போது ரத்தத்தில் டி.என்.எஃப். என்ற புரதமும் கூடவே ஏறி இறங்குவதை 1992இல் சக ஆய்வாளர் நதீரா கருணவீரவோடு சேர்ந்து விவரித்தார்கள்.

என் பார்வையில் இவற்றையெல்லாம்விடப் பெரியது கதிர்காமப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு. 2006இல் வெளியான அதில் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குத் தடுப்புக் குளிசை கொடுத்தார்கள். அவர்களுக்கு மலேரியாக் காய்ச்சல் பாதிக்கும் கீழே குறைந்தது. மொழியிலும் கணிதத்திலும் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடிய புள்ளிகள் எடுத்தார்கள். ‘சாதுவான’ நோய் பிள்ளைகளின் படிப்பைத் தின்றுகொண்டிருந்தது என்று அப்போது தெரிந்தது.

மெண்டிஸ் பின்பு உலக சுகாதார நிறுவனத்தின் மலேரியாப் பணிக்காக ஜெனீவா போனார். உலகில் ஆண்டுக்கு 7 முதல் 8 கோடிப் பேரை வைவக்ஸ் பிடிப்பதாக 2001இல் அவரும் சகாக்களும் கணக்கிட்டார்கள். ஒழித்த பிறகும் விழிப்பை விடக்கூடாது என்று 2019இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்.

ஈரலில் பதுங்கும் கிருமி

வைவக்ஸ் கிருமிகளில் சில ஈரலுக்குள் போய் உறங்கிவிடும். ரத்தத்திலுள்ள கிருமியை மருந்து கொன்று காய்ச்சல் விட்டாலும், மாதங்கள் கழித்து இவை விழித்து மறுபடி நோயைக் கிளப்பும். இவற்றைக் கொல்லவே பிரைமாகுயின் குளிசையை 14 நாள் தருகிறார்கள். உடம்பு சுகமாகிவிட்டது என்று இடையில் நிறுத்தவே கூடாது. ஜி6பிடி என்ற நொதியம் குறைந்தவர்களுக்கு இது ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை. ஆகவே பாமசியில் தானாக வாங்கி விழுங்கும் மருந்தல்ல.

நமக்கு இதில் என்ன?

கல்முனைப் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கும் தொழிலுக்கும் வெளிநாடு போகாத குடும்பம் குறைவு. மாணிக்கக்கல் வாங்க மடகஸ்கார், மொசாம்பிக் போய்வந்த இலங்கையர் சிலர் மலேரியாவோடு திரும்பியிருக்கிறார்கள். புடவை வாங்கவும் வைத்தியத்துக்கும் நாம் அடிக்கடி போகும் சென்னையிலும் வைவக்ஸ் உண்டு. 2018 டிசம்பரில், நம் அம்பாறைக்கு அடுத்த மொனராகலை மாவட்டத்தில், வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்கு நுளம்பு வழியாக மலேரியா தொற்றியது. கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகி மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு 2016 இறுதியில் மன்னாரில் பிடிபட்டது. அதனால் கிணற்றுக்கு வலை போடுங்கள், தொட்டியை மூடிவையுங்கள்.

ஆப்பிரிக்கா போகிறவர்கள் புறப்படுமுன்பே அரசின் மலேரியா தடை இயக்கத்திடம் தடுப்புக் குளிசையை இலவசமாகப் பெறலாம். திரும்பி வந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், வைத்தியர் கேட்கும்வரை காத்திருக்காமல் எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள். இளம் வைத்தியர்கள் பலர் மலேரியா நோயாளியைக் கண்ணால் கண்டதில்லை. அது அவர்கள் குற்றமல்ல. டெங்குப் பரிசோதனையோடு மலேரியாவுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் முறை கிருமி தெரியாமல் காய்ச்சல் தொடர்ந்தால் மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். பல்சிபாரம் வகையாக இருந்தால் சில நாள் தாமதமே உயிரை எடுத்துவிடும்.